இருபது பக்கட் சோஸ் கேட்ட மகனுக்கு

கல்முனைக்குடி,
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் முர்ஷிதுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், வாப்பாவின் ஒபரேஷன் செய்த வலது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, கறுப்புக் கண்ணாடியை இன்னும் பத்து நாள் போடச் சொல்லியிருக்கிறார்கள், அவர் அதைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வருகிறார். நீ தோஹாவில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வக்திலும் துஆ கேட்கிறேன், இந்தக் கிழமை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. உம்மா ஏன் போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ "ஓம் உம்மா, ஓம் உம்மா" என்று இடையில் வெட்டி, கிச்சனில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். குரல் பதிவு அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், என்னுடைய கோபம் உனக்கு அணில் கத்துகிற மாதிரிக் கேட்கும். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. உட்கார்ந்து வாசி. ஒரு வரியும் விடாமல் வாசி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எனக்கு அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்கவில்லை. "உம்மா, நளீம் வியாழக்கிழமை வாறானாம், உங்கட பிரீசருல சோஸ் மிச்சம் இரிந்தா இருவது பக்கட் கட்டிக் குடுத்து உடுங்க, கூட்டாளிமார் கேக்கிறானுகள், றினோஸாக்குச் சொல்ல வேணாம்." இதை முதலில் வாசித்தபோது வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதைத் தவறி எனக்கு அனுப்பிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு மகன் கேட்டாய்? அதற்குப் பத்து நாள் முன்பு அறுபத்தொரு பேர் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழுது என்று சொன்னாயே, அதே சோஸ்தானே இது? பழுதான சாமானைக் கூட்டாளிமாருக்குக் கொடுக்கிறாயா, இல்லை நல்ல சாமானைப் பழுது என்று சொன்னாயா, இரண்டில் ஒன்றைச் சொல். அதிலும் "றினோஸாக்குச் சொல்ல வேணாம்" என்று எழுதத் தெரிந்திருக்கிறது உனக்கு. உன் பெண்டாட்டி கை போட்டுக் கிளறியதை அவளுக்குத் தெரியாமல் எடுத்துத் தின்னப் பார்க்கிறாய், அதற்கு என்னைக் கள்ளியாக்கப் பார்க்கிறாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நெஞ்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள். உன் பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. நீ முதல் தடவை கட்டார் போகும்போது வாங்கிய அந்தச் சாம்பல் நிறச் சக்கரப் பெட்டி. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு பாலமுனையிலிருந்து ஓட்டோவில் வந்தது, கூடவே உன் மாமனார் மீராசா மச்சானும் வந்தார். ஒலுவில் துறைமுகத்திலிருந்து நேரே வந்திருக்கிறார் போல, சாரத்தில் மீன் செதில் ஒட்டிக் கிடந்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "மச்சி, எங்கட ஊட்டுல மருமகன்ட சாமான் வைக்க இனி எடம் இல்லையாம், மகள் சொல்லச் சொன்னா" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஓட்டோவில் ஏறினார். நம் ஊர்ப் பக்கத்து வழக்கத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வீடு பெண்ணுடையது, நீ அங்கே மாப்பிள்ளையாகப் போய்க் குடியிருந்தவன். பெண் கோபித்துக்கொண்டு தாய் வீடு போகிற கதை இங்கே இல்லை, ஆணின் பெட்டிதான் தாய் வீட்டுக்குத் திரும்பி வரும். வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாரம் எல்லாம் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு அடுக்கியிருக்கிறாள். சவரச் சாமான், தொழுகை விரிப்பு, பாஸ்போட் போட்டோக்கொப்பி, எல்லாம் தனித்தனியாக. உன் நோன்புப் பெருநாள் சேர்ட்டில் இரண்டாவது பொத்தான் அறுந்து கிடந்ததை நான் பெருநாளன்றே கண்டேன், அதைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் நான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன், உனக்கு மறந்திருக்கும். குர்ஆன் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு நுனி கடித்து உறிஞ்சக் கொடுத்த ஐஸ் பக்கட்டில் காரச் சோஸ் இருந்தது, பிள்ளைகள் கத்தினார்கள், ஒரு பொடியன் கண்ணைக் கசக்கிக் கண் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், இது உண்மை. யாரோ ஒரு பெண் அதை வீடியோ எடுத்து "பழுதான சோஸ்" என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினாள், அது மஃரிபுக்கு முன்பே கட்டாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. வீடியோ வருவதற்குள் அந்தப் பொடியன் கண் கழுவி வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டிருந்தான், அது எந்த வீடியோவிலும் வரவில்லை. நீ என்ன செய்தாய்? உம்மாவுக்கு ஒரு கோல் எடுத்தாயா? பெண்டாட்டிக்கு எடுத்தாயா? என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. குழுவில் போய் இரண்டு நிமிஷம் நாற்பத்தேழு செக்கன் பேசினாய். "நான் எத்தின தரம் சொல்லியிரிக்கன் இந்தச் சோஸ் வேலைய உடச் சொல்லி, பழுதான சாமான ஊர்ப் புள்ளயளுக்குக் குடுத்து என்ட மானத்த வாங்கிட்டா, ஒரு குசினிய ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாதவ" என்று சொன்னாய். உன் பெரியம்மா கேட்டாள், உன் சாச்சாமார் கேட்டார்கள், நிக்காஹ் முடிந்து இரண்டு மாசமே ஆன நம் குடும்பத்துப் புதுப் பெண் கேட்டாள். றினோஸா அடுப்படியில் நின்று கேட்டாள், பக்கத்தில் உன் மகள் அப்ரா பாடப் புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். உடனே குழுவை விட்டு விலகிப் போனாள். அவள் விலகியதற்கும் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார், அவர் யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு வேறாக வைத்திருக்கிறேன்.

பழுது என்றாயே மகன், அந்தச் சொல்தான் எனக்கு ஆறவே இல்லை. காரம் என்று சொல்லியிருக்கலாம், கவனக்குறைவு என்று சொல்லியிருக்கலாம், நீ தேடி எடுத்தது பழுது என்ற சொல். அவள் எப்படிச் செய்கிறாள் என்று உனக்கு மறந்துவிட்டதென்றால் நான் எழுதுகிறேன், வாசி. தக்காளியை அவித்து வடித்து, பழப்புளி கரைத்து, இனிப்புக்குக் கித்துள் பாணி விட்டு, இஞ்சியும் உள்ளியும் வறுத்த செத்தல் மிளகாயும் அரைத்துப் போட்டு, வினாகிரி ஊற்றிக் கிளறுவாள், அகப்பையில் எடுத்தால் விழ யோசிக்கிற பதம் வரும் வரைக்கும் அடுப்பை விட்டு நகர மாட்டாள். கடைசியில் சிரட்டைக் கரித் துண்டைச் சிறு கிண்ணத்தில் வைத்து நெய் சொட்டு விட்டு, சட்டிக்குள் இறக்கி மூடிப் புகை பிடிக்க வைப்பாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய பெரிய வேலையே. சூட்டோடு பிரீசரில் வைத்தால் ஆவி தண்ணீராகி மேலே ஐஸ் படிந்து சோஸ் நீர்த்துப் போகும் என்று, சட்டியைத் தண்ணீர்ப் பேசினில் இறக்கி விசிறிக்குக் கீழே வைத்து, புறங்கையில் வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்று கண்ட பிறகுதான் பக்கட்டில் ஊற்றுவாள். முதல் வருஷம் ஜாம் போத்தலில் கழுத்து மட்டும் நிரப்பி வைத்து ஒன்பது போத்தல் வெடித்துப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய். வெடிக்காத போத்தல் சோஸையும் அவள் கொட்டினாள், கண்ணாடித் துகள் எங்கே கிடக்குமோ தெரியாது என்று. அதற்குப் பிறகுதான் ஐஸ் பக்கட் உறையை வாங்கி, உறைந்தால் ஊதும் என்று ஒரு விரல் இடம் விட்டு முடிச்சுப் போடத் தொடங்கினாள். ஒரு பக்கட் ஒரு கோழிக்கு. உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, அதனால் பெரிய டப்பா வேண்டாம் என்று அவளே கண்டுபிடித்த கணக்கு அது. பக்கட்டுகளைப் போட்டுக் கட்டுகிற பேக்கின் மேல் தேதி எழுதுவாள், பழையது மேலே, புதியது கீழே. சமைப்பதற்கு முதல் நாள் பிரிஜின் கீழ்த் தட்டில் இறக்கி வைத்துத்தான் உருக விடுவாள், வெயிலில் வைத்து உருக்கினால் ஏசுவாள். கரண்ட் போனால் மூடியை யாரும் திறக்கக் கூடாது, அப்ரா திறந்தாலும் கையில் ஒன்று போடுவாள். நான்கு மாசம் தாண்டியதை வெளியே யாருக்கும் கொடுக்க மாட்டாள், வாசம் இறங்கிவிடும், வீட்டுக்குள் தின்போம் என்பாள். போன தடவை லீவில் வந்து நீ விரல் சூப்பித் தின்றது ஐந்து மாசத்துப் பக்கட், அதுவும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பழுது என்றாய்.

இனி என்னுடைய பங்குக்கு வருகிறேன். உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு நான் நல்லவள் மாதிரி உட்கார்ந்திருக்க முடியாது. பேக்கைக் கழற்றியது நான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாளைக்கு முன்பு றினோஸா அறுபது பக்கட்டைக் கொண்டு வந்து என் பிரீசரில் வைத்தாள், அவளுடைய பிரீசருக்கு அவள் தம்பிமாரின் குர்பான் இறைச்சி வரவிருந்ததால் இடமில்லை. எல்லாவற்றையும் ஒரு பெரிய சிலிசிலிப் பொலித்தீன் பேக்கில் போட்டுக் கட்டி, பேக்கின் மேல் கறுப்புப் பேனையால் கொட்டை எழுத்தில் றினோஸா சோஸ் என்று எழுதி, போகும்போது இரண்டு தரம் சொன்னாள், "மாமி, பேக்கக் கழட்டிராதீங்க, பேர் அதுலதான் இரிக்கி" என்று. நான் ஓம் ஓம் என்றேன். பெருநாளன்று நம் வீட்டுக்கும் இறைச்சிப் பங்கு நாலா பக்கத்தாலும் வந்தது, பங்கு போட்டு வைக்கப் பேக் போதவில்லை, கடைக்குப் போக அலுப்பு, அந்தப் பேக் பெரிதாக நல்ல பேக்காக இருந்தது. சோஸ் பக்கட்டுகளை எடுத்து வலது பக்கக் கூடையில் வெறுமனே கொட்டிவிட்டு, பேக்கை உட்புறம் வெளியே திருப்பி இறைச்சியைப் போட்டுக் கட்டினேன். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பேக்குக்கு ஆசைப்பட்டேன்.

வாப்பாவின் கண் சுகமானால் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் கொடுப்பதாக நான் நிய்யத்து வைத்திருந்தேன். அதற்காகப் புளியும் சர்க்கரையும் கரைத்து ஐம்பது பக்கட் கட்டி இடது பக்கக் கூடையில் வைத்தேன், அதே உறை, அதே நிறம். வியாழக்கிழமை அஸருக்குப் பிள்ளைகள் ஓத வருகிற நேரம் ஓட்டோவும் வந்துவிட்டது, கண்ணாடி எங்கேயோ கிடந்தது, மூடியைத் திறந்து கைக்கு வந்த கூடையிலிருந்து அள்ளி ரெஜிபோம் குளிர்ப் பெட்டியில் போட்டேன். மேலெல்லாம் ஐஸ் பூத்துக் கிடந்தது. தொட்டபோது மெத்தென்று வளைந்தது மகன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புளி ஐஸ் கல் மாதிரி இருக்கும், பாணியும் வினாகிரியும் சேர்ந்த சோஸ் ஒரு நாளும் கல்லாக உறையாது, றினோஸா அதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். என் கையே எனக்குச் சொன்னது, நான் கேட்கவில்லை. கரண்ட் விட்டு விட்டு வந்ததால் சரியாக உறையவில்லையாக்கும், உருகுவதற்குள் கொண்டு போவோம் என்று வாப்பாவை அவசரப்படுத்தி அனுப்பினேன். அந்த மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தன் கையாலேயே கொடுத்திருக்கிறார். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரம் நுனியைக் கடித்து உறிஞ்சியிருக்கிறார்கள். ஓதிக்கொடுக்கிற ஹஸரத்தும் ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு, "என்ன முகம்மது தம்பி காக்கா, புளி உறைக்குது" என்றாராம். அதற்குள் ஒரே கத்தல், வெள்ளை ஜுப்பா எல்லாம் சிவப்பு, தண்ணீர்க் குழாயில் அடிபிடி. இரண்டு பிள்ளைகள் மட்டும் முழுவதையும் உறிஞ்சி முடித்துவிட்டு ரொட்டி இருக்கா என்று கேட்டார்களாம். இன்றைக்கு எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வாப்பா வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

அன்று மஃரிபுக்குப் பிறகு உன் குரல் பதிவு வந்தது. நான் கேட்டேன். முழுவதும் கேட்டேன். நடந்தது என்னால் என்று எனக்குத் தெரியும், பேக் எங்கே இருக்கிறது என்றும் தெரியும், ஆனால் வாய் திறக்கவில்லை. அறுபத்தொரு பேருக்கு முன்னால் இந்த ஸுலைஹாவுக்குக் கண்ணும் தெரியாது கையும் தெரியாது என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அடுத்த நாள் காலையில் றினோஸா கோல் எடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள், "மாமி, பேக் எங்க?" என்று. நான், பார்க்க வேண்டும் மகள், எங்கேயாவது கிடக்கும் என்றேன். அவள் சரி மாமி என்று வைத்துவிட்டாள். அந்த நிமிஷமே அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் அவள் உன்னிடம் சொல்லவில்லை, அவளுடைய வாப்பாவிடமும் சொல்லவில்லை, அவளிடம் சோஸ் எடுக்கிற இரண்டு கடைக்காரரும் இனி வேண்டாம் என்று சொன்னபோதும் உங்கள் மாமியார்தான் செய்தார் என்று வாய் விடவில்லை. நான்கு நாள் என்னை மூடி வைத்தாள் மகன். அந்த நான்கு நாளும் நான் நன்றாகத் தின்று நன்றாக உறங்கினேன் என்று நினைத்துவிடாதே, ஆனால் பேசாமல்தான் இருந்தேன். உன் பெட்டி வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

திங்கட்கிழமை விடியவே மத்ரஸாவுக்குப் போய் ஹஸரத்திடமும், கண் வீங்கிய பொடியனின் உம்மாவிடமும் நான்தான் செய்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு பஸ் ஏறிப் பாலமுனைக்குப் போனேன். அன்றைக்கு அடித்த கச்சான் காற்றில் தெருவெல்லாம் மணல், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் வாசல் வரைக்கும் நடந்தேன். அவள் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றுங்க மாமி, தரை சுடுது, உள்ளே வாங்க என்றாள். நான் சொல்லத் தொடங்கியதும் நிறுத்திவிட்டாள். "மாமி, நீங்க பேக்கக் கழட்டினது எனக்குத் தெரியும், அதுக்கு எனக்குக் கோவம் இல்ல, ஆருக்கும் நடக்கும். ஊர் சொன்னதுக்கும் கோவம் இல்ல, ஊருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும் மாமி. என்ட கையால திண்டவர். அவருக்குத் தெரிஞ்சும் பழுது எண்டு சொன்னாரு" என்றாள். குரல் உயரவே இல்லை, தேங்காய் திருவிக்கொண்டே சொன்னாள். இன்றைக்கே குழுவில் உண்மையைச் சொல்கிறேன் என்றேன், அதற்கும் வேண்டாம் என்றாள். "ஒரு கிழமை பொறுங்க மாமி. நீங்க சொல்லி அவர் மன்னிப்புக் கேட்டா அது உங்களுக்காகக் கேட்டதா இரிக்கும். அவரா ஒருக்கா யோசிச்சுப் பாக்கட்டும், றினோஸா பழுதானதக் குடுப்பாளா எண்டு. அவரா யோசிச்சா பெட்டி திரும்பி வரட்டும்" என்றாள். வரும்போது அப்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை வந்தாள். "வாப்பும்மா, வாப்பாட பெட்டி உங்கட ஊட்டுலயா இரிக்கி? அப்ப வாப்பா லீவுக்கு அங்கயா வருவாரு? நாங்க வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

அந்த ஒரு கிழமையும் நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ இரண்டு தரம் அவளுக்கு எடுத்தாயாம், அவள் தூக்கவில்லையாம், அத்தோடு விட்டுவிட்டாய். கிழமை முடிகிற அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னுடைய பெயர் போனில் வந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத்தான் திறந்தேன். இருபது பக்கட் சோஸ்! பின்னேரம் அவள் எடுத்து, "மாமி, அவருட்ட இரிந்து ஏதும் வந்ததா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். உன் செய்தியை அவளுக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பெட்டி என் வீட்டில் நிரந்தரமாகக் குடியிருந்துவிடும், அதனால் பொய் சொன்னேன். பேக்குக்காக ஒரு பொய் சொன்னேன், உனக்காக ஒரு பொய் சொன்னேன், மூன்றாவது ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. இதுதான் என் கோபம் முழுவதும். உன்னை இந்த மாதிரி வளர்த்தது யார் என்று யாராவது கேட்டால் என்னையும் வாப்பாவையும் தவிரக் காட்டுவதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வீடியோ ஊரைச் சுற்றி வந்த பிறகு கல்முனை இமக்குலேற் ரீச்சர் வீட்டுக்கு வந்தா, வருஷா வருஷம் நத்தார்ப் பண்டிகைக்கு றினோஸாவிடம் சோஸ் வாங்குகிறவ. "ஸுலைஹா, அந்தப் பிள்ளையின்ட சாமான் பழுதாகாது, எங்கயோ மாறுப்பட்டிருக்கும், எனக்கு ஆறு பக்கட் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா. சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. அவவுக்குத் தோன்றியது உனக்குத் தோன்றவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடு, சூட்டடுப்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு உடனே ஏசி அறைக்குள் போகாதே, போன தடவை மாதிரி நெஞ்சுச் சளி பிடிக்கும். கோபமாக எழுதுகிறேன் என்பதற்காக இதை எழுதாமல் இருக்க முடியுமா?

இனிச் செய்ய வேண்டியதைக் கேள். லீவு முடிந்து நாளைக்குப் புறப்படுகிற நளீம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தோஹாவில் இறங்குவான், இந்தக் கடிதத்தை நேரே உன் அறைக்குக் கொண்டு வந்து தரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இங்கே ஜும்ஆ முடிந்து எல்லோரும் போனைத் திறக்கிற நேரம் குழுவில் என் குரல் வரும், பேக்கைக் கழற்றியது நான் என்று ஒரு சொல் விடாமல் சொல்வேன், வாப்பா பக்கத்தில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முன்பு, கேட்டுக்கொள், அதற்கு முன்பு உன் குரல் வர வேண்டும். நான் சொன்ன பிறகு நீ சொன்னால் அது ஊருக்குத் தெரிந்த பிறகு கேட்ட மன்னிப்பு, அவளுக்கு அது தேவையில்லை. நீ இந்தக் கடிதத்தால் தெரிந்துகொண்டாய் என்பதையும் மறைக்காதே, உம்மா எழுதித்தான் புத்தி வந்தது என்று சொல், இந்த வீட்டில் பொய் போதும். முதலில் அவளுக்கு எடு, தூக்காவிட்டால் மறுபடி எடு, பிறகு குழுவில் சொல். இரண்டு நிமிஷம் நாற்பத்தேழு செக்கன் ஏசத் தெரிந்தவனுக்கு அவ்வளவு நேரம் மன்னிப்புக் கேட்கவும் தெரிய வேண்டும். சொல்லாவிட்டால் நீ சோஸ் கேட்ட செய்தியை அப்படியே குழுவில் போட்டுவிடுவேன், எப்படிப் போடுவது என்று உன் தங்கச்சி ஹாஜறாவிடம் கேட்டுப் படித்துக்கொண்டேன். உன் பெட்டியை நான் பிரித்து அடுக்கவில்லை, நடுக் கூடத்தில்தான் நிற்கிறது. என் அலுமாரியில் உனக்கு இடமில்லை.

நீ கேட்ட இருபது பக்கட்டையும் நான் தரவில்லை. ஒன்றே ஒன்று அனுப்புகிறேன். பத்திரிகைத் தாளில் பல சுற்றுச் சுற்றி, பால்மாத் தகரத்துக்குள் வைத்து நளீமிடம் கொடுக்கிறேன், கட்டுநாயக்கா விமான நிலையம் போவதற்குள் உருகிவிடும், அது எனக்குத் தெரியும். மறுபடி உறைய வைக்கக் கூடாது என்பது றினோஸாவின் சட்டம், அதை மீற மாட்டேன், குளிரக் குளிர வைத்தால் போதும். கோழிக்குப் பூசாதே. கூட்டாளிமாருக்குக் கொடுக்காதே. மத்ரஸாப் பிள்ளைகள் செய்த மாதிரி நுனியைக் கடித்து நீயே உறிஞ்சு, கடைசிச் சொட்டு மட்டும் உறிஞ்சு. கண்ணில் தண்ணீர் வரும். பழுதா என்று பார். பிறகு அவளுக்கு எடு.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் ஹலாலான உழைப்பையும் றிஸ்க்கையும் தருவானாக, உன்னையும் றினோஸாவையும் அப்ராவையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பானாக. வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார், வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

உன் மேல் கோபமாக இருக்கிற,
உம்மா ஸுலைஹா.

ஒரு ஞாபகம்: பத்திரிகைத் தாளுக்கு உள்ளே பக்கட்டைச் சுற்றியிருப்பது அந்தப் பேக்தான். இறைச்சியை வெளியே எடுத்து, நன்றாகக் கழுவி, காய வைத்து, சரியான பக்கம் திருப்பியிருக்கிறேன். எழுத்து அழியவில்லை. கழற்றி எறிந்துவிடாதே மகன், பேர் அதில்தான் இருக்கிறது.